மண்டலம் முடிகிற வரை

அக்சிலியாவுக்குக் காலில் சக்கரம் என்பது சேலம் சூரமங்கலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தையல் கற்றாள், சட்டைக்குக் கை வைக்கிற பாடத்தோடு நின்றாள். தட்டச்சு லோயரோடு சரி. அழகுக்கலை வகுப்பில் ஒரு புருவம் திருத்துகிற வரைக்கும்தான் படித்தாள், மறு புருவத்துக்குப் போகவில்லை என்று ரயில்வேயில் வேலை பார்க்கிற அவள் கணவன் பெனடிக்ட் கேலி செய்வான். அந்தோணியாருக்கு ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் பிடித்தாலும் பாதியில் விட்டுவிட்டு அவரிடமே மன்னிப்புக் கேட்பாள். சோம்பேறி என்று யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது. எதைத் தொட்டாலும் பாதியில் யாரோ உள்ளேயிருந்து கையைப் பிடித்து எழுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

மனம் அடங்கும் என்று சொன்னார்கள் என்றுதான் மண்டலா வரையத் தொடங்கினாள். கைபேசியில் பாடம் நடத்திய பெண் தேன் மாதிரிப் பேசினாள். நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும், வட்டத்தைச் சமமாகப் பிரித்து இதழ் இதழாக வெளியே போக வேண்டும். கை வெளியே போகப் போக மனம் அந்தப் புள்ளிக்குத் திரும்பி வந்து உட்காருமாம். அக்சிலியாவுக்கு ஒன்றும் உட்காரவில்லை. ஆனால் கை மட்டும் அபாரமாக வந்தது. பொறுமையே இல்லாதவளுக்கு இப்படி ஒரு கையைக் கொடுத்தது என்ன நியாயமோ. கட்டிலுக்கடியில் அரையும் முக்காலுமாக அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின.

அதில் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அது கைமாறிக் கைமாறிச் சேந்தமங்கலத்துக் கிருத்திகாவிடம் போய்ச் சேர்ந்தது. தன் அறைச் சுவர் முழுக்க இப்படி ஒன்று வரைந்து தர முடியுமா என்று கேட்டாள் அந்தப் பெண். யோசிக்காமல் சரி என்றாள். யோசித்திருந்தால் அவள் அக்சிலியாவே இல்லை.

கிருத்திகாவின் அப்பா வெள்ளியங்கிரிக்குக் கோழிப்பண்ணை. அம்மா வசந்தாமணி. வாரத்தில் சில நாள் அக்சிலியா பஸ் ஏறிப் போய் வரைந்தாள். கிருத்திகா கட்டிலில் படுத்துச் சுவரையே பார்த்திருப்பாள், பேச மாட்டாள். சுவர் அட்டை மாதிரி மடியில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டி, நுனியில் சாக்பீஸைப் பிடித்துச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய இடத்திலேயே வந்து கூட வேண்டும். கடைசிச் சுற்றில் அது கூடவில்லை. நூல் எங்கேயோ நெகிழ்ந்து, பந்தியில் கடைசி ஆளுக்கு இலை போட இடமில்லாததுபோல, கடைசி இதழுக்குப் பாதி இடம்தான் மிஞ்சியது.

அவ்வளவுதான், உள்ளே இருந்த ஆள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பெயிண்ட் வாங்க நாமக்கல் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே ஊருக்குப் போய்விடலாம், பிறகு போனை எடுக்காமல் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தூரிகைகளைக் கழுவிப் பையில் வைத்தாள். அதற்குள் வசந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

கீரைக் கடைசலும் ரசமும். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி, இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று மெல்லக் கேட்டார்.

"பண்ணை முச்சூடும் முட்டைங்க. என்ற தட்டுல ஒண்ணக் காணோமுங்க."

மண்டலம் முடியட்டும் என்று வசந்தாமணி அவரை அதட்டினாள். அக்சிலியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் மண்டலா என்று சொன்னது அம்மாவின் காதில் மண்டலம் என்று விழுந்திருக்கிறது. சேலத்திலிருந்து ஒரு பெண் நம் வீட்டுக்காக ஒரு மண்டலம் விரதம் இருந்து வரைகிறாள், நாமும் சுத்தமாக இருப்போம் என்று வேலை தொடங்கிய அன்றைக்கே வசந்தாமணி கறியையும் முட்டையையும் அடுப்படியிலிருந்து விலக்கிவிட்டாள். காலையில் வருகிற வழியில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் தின்ற முட்டை பப்ஸ் அக்சிலியாவின் தொண்டைக்கு ஏறி வந்தது.

இது விரதம் இல்லை அம்மா, வெறும் படம், அதுவும் தப்பாகிப்போன படம் என்று உடைத்துச் சொல்லிவிட்டாள். வசந்தாமணி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"புருசனூட்ட உட்டு வந்ததுல இருந்து அவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான் சாமி. படமோ விரதமோ, முடியோணும்."

அக்சிலியாவுக்கு வெட்கமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. யார் வீட்டுப் பாரத்தையோ தன் தலையில் ஏற்றிவிட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஈரத்துணியை எடுத்தாள். கடைசிச் சுற்று முழுவதையும் துடைத்தாள். புதிதாகக் கோடு இழுத்தால் நூல் மறுபடியும் நெகிழ்ந்தது. மறுபடியும் துடைத்தாள். கால்கள் வாசலைப் பார்த்தே நின்றன. பிடித்து வைத்துக்கொண்டாள்.

"ஆணிக்கிட்ட நான் புடிச்சுக்கட்டுங்களாக்கா?"

கிருத்திகா கட்டிலை விட்டு இறங்கி வந்திருந்தாள். நூலை ஆணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அக்சிலியா சுற்றி வந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி இதழ் முதல் இதழோடு இடைவெளி இல்லாமல் வந்து கூடியது. அக்சிலியாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. உடனே பெனடிக்டுக்குப் போன் போட வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

முடிந்ததா என்று வாசற்படியில் நின்று கேட்டாள் வசந்தாமணி.

கிருத்திகா நூலை விடவில்லை. சுவரின் ஓரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் எடம் இருக்குதுங்க. இன்னொரு சுத்துப் போடலாமாக்கா?"

வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்சிலியா தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள்.

"இன்னும் முடியலீங்கம்மா" என்றாள். பிறந்ததிலிருந்து எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். வெட்கப்படாமல் சொன்னது இதுதான் முதல் தடவை.