ஞாயிறுதோறும் ‘கெட்’

பிரெஞ்சுக்காரன் ஊரில் இருந்துகொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் பாடு எப்படியிருக்கும் என்று, எங்கேயாவது ட்யூஷன் கொடுத்து அல்லல்பட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் நடுவில், ரூ பஜோல் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் ஞாயிறு மத்தியானம் என் வகுப்பு. கனடாவுக்கோ லண்டனுக்கோ போக நினைத்தவர்கள்தான் மாணவர்கள்.

ஒரே ஆள்

ஒருநாள் ‘கெட்’ (get) என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்தேன். வாங்கினாலும் கெட், போய்ச் சேர்ந்தாலும் கெட், படுக்கையால் எழும்பினாலும் கெட், ஒருவன் சொன்ன பகிடி விளங்கிச் சிரித்தாலும் கெட். பலகை நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஒரு புதுச்சேரிக்காரர் இருந்தார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். லண்டன் மருமகனோடு பேசுவதற்காகப் படிக்க வந்தவர். பென்சிலைக் கீழே வைத்தார்.

“பிரெஞ்சுல ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் இருக்கான் வாத்தியாரே. இங்க எல்லாம் இவன் ஒருத்தன் தலையிலயா? இவனுக்கு யூனியன் கிடையாதா?”

தொட்டிக்கு மேலே

இன்னொரு மாணவன் யேசுதாசன், மன்னார்க்காரன். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவன். மனைவி டொரொண்டோவில். அங்கே பிறந்த மகளுக்கு மூன்று வயது. இவன் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். விசா நேர்முகத்தில் ஆங்கிலத்தில் கேட்பார்கள், தடுமாறினால் போச்சு என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ‘கெட்’டின் அர்த்தங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்துப் பாடமாக்கினான். அடுத்த கிழமை, எல்லாம் பாடமா என்று கேட்டேன்.

“கோப்பையெல்லாம் முடிஞ்சுது மாஸ்டர், அர்த்தம் முடியேல்லை.”

நேர்முகம்

நேர்முகம் முடிந்த ஞாயிறு அவன் பிந்தி வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. “என்னடா கேட்டவை?” என்றேன்.

“விசா அதிகாரி முழுக்கப் பிரெஞ்சிலைதான் கேட்டவர், மாஸ்டர். நாலு வருசமா குசினிக்குள்ளை ஏச்சு வாங்கிப் பழகின பிரெஞ்சிலை நானும் சொன்னன். விசா தருவினமாம்.”

வகுப்பே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலும் வந்ததை ஏன் மறைக்கவேண்டும்? அவனோ வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கொப்பியை விரித்தான். இனி உனக்கு எதற்கடா ஆங்கிலம் என்று கேட்டேன்.

“மகள் இங்கிலீசிலைதானாம் கதைக்கிறாள். பிள்ளை ஏதும் கேட்டால் தேப்பன் மறுமொழி சொல்லவேணுமெல்லே, மாஸ்டர்?”

என் ஆங்கிலத்தால் விசா கிடைத்தவர் ஒருவருமில்லை என்றாலும், விசா கிடைத்த பிறகும் ஒழுங்காக வகுப்புக்கு வந்த ஒரு மாணவன் எனக்கு இருந்தான் என்று எங்கேயும் மார்தட்டிச் சொல்வேன்.