கஞ்சி போடாத வேட்டி

என் பேத்திக்காக பாய் வீட்டிலிருந்து வந்த துணிகளை எடுத்து நான் ஸ்கூட்டர் துடைத்தேன். தெரியாமல் செய்ததில்லை. அது யார் தைத்த துணி, எதற்காகத் தைத்தது என்பதெல்லாம் தெரிந்தே செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் உத்திரமேரூரில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். பள்ளி விட்டதும் அவர் கடைப் பலகையில் உட்கார்ந்து பேப்பர் படித்து, அவர் வரவழைக்கும் டீயைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த வருஷம் எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடமாட்டார்கள். தீட்டுக் கழியும்வரை பழந்துணிதான். அதிலும் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர்ந்த வீட்டிலிருந்து வந்த துணி என்றால் நல்லது என்பார்கள். பாயின் மனைவி நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். நாங்கள் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவரே மூட்டையோடு வந்தார்.

“எல்லாம் அவரு ஜும்மாவுக்குப் போட்ட ஜுப்பாக்கா. தொவச்சித் தொவச்சி வெண்ண மாரி ஆயிட்ச்சி. அதுலதான் வெட்டி கொயந்தைக்கு ஜப்ளா சட்ட தச்சிக்கீறேன்.”

என் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். “இன்னாடி, தையலு வெளிய கீது? உல்டாவா தச்சிட்டியா?”

“ஐய! கொயந்த இன்னா கல்யாணத்துக்கா போவுது? தையலு உள்ள இருந்தா உறுத்தும்க்கா. பொத்தானும் வெக்கல, நாடாதான். பூந்திக்கொட்ட தண்ணில அலசி, நல்ல வெயில்ல போட்டு எடுத்தேன். அப்டியே போடலாம்.”

நான் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் போனதும் வெளியே வந்து, “இன்னொருத்தர் போட்டுக் கழிச்சதுதான் நம்ம வூட்டுக் குழந்தைக்கா? அதுக்கும் இல்லாமப் போயிட்டோமா?” என்றேன்.

“இன்னாங்க பேசறீங்க? அவங்க பாசமா கொண்டாந்தது” என்று சொல்லி மனைவி மூட்டையை பீரோவில் வைத்தாள்.

வாயால் சுகாதாரம் என்றேன். மனத்துக்குள் கௌரவம் என்று வைத்துக்கொண்டேன். அது பாய் வீட்டுத் துணி என்பதும் அதற்கடியில் இருந்தது. அவர் டீ எனக்கு ஆகும், அவர் ஜுப்பா என் ரத்தத்தின் உடம்பில் படக்கூடாது. இதை எழுதவே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மூட்டையை எடுத்துப்போய் வண்டி நிற்கும் கொட்டகையில் போட்டேன். அதிலிருந்து ஒன்றை உருவி, ஸ்கூட்டர் இன்ஜினில் கசிந்திருந்த எண்ணெயைத் துடைத்தேன்; மற்றவையும் பின்னால் ஒவ்வொன்றாக அதற்கே போயின. பிறகு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். பாய் கடையில் வாங்கினால் கேள்வி வருமே. அட்டைப்பெட்டியில் பளபளத்த, சரிகைப் பின்னல் வைத்த நைலான் கவுன் ஒன்றை வாங்கி வந்தேன்.

பேத்தி சித்திரை வெயிலில் பிறந்தாள். வீட்டுக்கு வந்ததும் கவுன் போட்டோம். வந்தவர்கள் எல்லாம் பொம்மை மாதிரி இருக்கிறாள் என்றார்கள். இரண்டு நாளில் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பிவிட்டது. பார்க்க வந்த நர்சம்மா, “நீங்களே வாத்தியாரு, இந்த வெயில்ல நைலானா போடறது? பருத்தி போடுங்க சார்” என்றார். பருத்தி வியர்வையை உறிஞ்சும் என்று எட்டாம் வகுப்புக்கு வருஷம்தோறும் நடத்துகிறவன் நான்.

புதுப் பருத்திச் சட்டைகள் வாங்கினேன். தண்ணீரில் போட்டுத்தான் உடுத்தவேண்டும் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் என் வேட்டிகளோடு சேர்த்து சலவைக்குப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வேட்டி கஞ்சியில் விறைத்து நிற்கவேண்டும், அதில் நான் கறார். வாத்தியார் வீட்டுத் துணியாயிற்றே என்று சலவைக்காரர் குழந்தைச் சட்டைகளுக்கும் நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்து அனுப்பிவிட்டார். பிரித்தால் அப்பளம்போல் இருந்தது.

“நைனா, இத்தப் போட்டுக்கினு இவ எந்த மேடைல பேசப் போறா?” என்றாள் மகள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். குழந்தை பால் குடிக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

மனைவி பீரோவைத் திறந்து மூட்டையைத் தேடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே பாயின் மனைவி குழந்தை பார்க்க வந்தார். நான் வாசலில் இருந்தேன். ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு ஜப்ளா, கறுப்பு எண்ணெயோடு, நாடா தொங்கக் கிடந்தது. அவர் அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். குழந்தையை வாங்கி கழுத்தை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வண்டி நல்லா பளபளன்னு கீதுண்ணே.”

அவ்வளவுதான். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இனி இந்தப் படி ஏறமாட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தோளில் ஒரு வெள்ளை ஜுப்பா, கையில் கத்தரிக்கோல்.

“கொடியில காஞ்சிக்கினு இருந்திச்சி. இன்னும் ரெண்டு வருசம் ஒழைக்கும்டின்னு அவரு ஒரே பேஜாரு. பொறந்த கொயந்தய வுடவா உன் ஜுப்பா பெருசுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அங்கேயே உட்கார்ந்து வெட்டினார். ஓரம் தைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், கைபோக ஓட்டை வைத்து, கிழித்த துணியையே நாடாவாகக் கட்டி, குழந்தைக்குப் போட்டார். அது சிறிது நேரம் விசும்பி, பால் குடித்து, தூங்கிவிட்டது.

“தங்கச்சி, நான்…” என்று ஆரம்பித்தேன்.

“மொதல்ல அந்த வேட்டிக்குக் கஞ்சி போடறத நிறுத்துங்கண்ணே. தாத்தா மடியே கொயந்தய அறுக்குது.”

மறுநாள் கடைக்குப் போய் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பிரித்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். மடித்து முடித்துத்தான் பேசினார். “ஜுப்பா போனா போவுது வாத்தியாரே. வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” டீ சொல்லி அனுப்பினார். அன்றைக்கும் குடித்தேன்.

அன்றோடு கஞ்சியை விட்டேன். வேட்டிகளை நானே துவைக்க ஆரம்பித்தேன். “இன்னா சார், ஆளே தொவண்டு பூட்டீங்க?” என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்தார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை. கட்டக் கட்ட, துவைக்கத் துவைக்க, துணி இளகிக்கொண்டே வந்தது. மிக மெலிந்ததை மட்டும் கிழியுமுன் எடுத்துத் தனியாக வைத்தேன்.

பாயின் மூத்த மகள் பிரசவத்துக்கு வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். கரை உறுத்தும் என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, என் மனைவி அந்த வேட்டிகளில் ஜப்ளா தைத்தாள், தையல் வெளிப்பக்கமாக. பூந்திக்கொட்டை ஊறவைத்து அலசியதும் வெயிலில் போட்டதும் நான். மூட்டையையும் நானேதான் எடுத்துப் போனேன். அவர்கள் வாசலில் மூட்டையை நீட்டியபடி நின்றேன். வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டுக்கு முழு உரிமை இருந்தது.

பாயின் மனைவி ஒன்றை எடுத்து கன்னத்தில் வைத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, வாத்தியாரு துணி கொண்டாந்துக்கீறாரு. உங்க வண்டி தொடைக்க வேணுமா?”

உள்ளேயிருந்து பாய் சிரித்தது தெருவரைக்கும் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைக்க என் தோளில் துண்டு இருந்தது, அதிலும் கஞ்சி இல்லை.

பாய்க்குப் பேரன் பிறந்தான். அந்தத் துணிகளைத்தான் போட்டார்கள். ஒருநாள் பாய் அவனைக் கடைக்குத் தூக்கி வந்து என் மடியில் கிடத்தினார். சற்று நேரத்தில் மடி வெதுவெதுப்பாக நனைந்தது. எழப் பார்த்தேன்.

“அசையாதீங்க வாத்தியாரே, தூங்கறான்” என்றார்.

அசையவில்லை. கஞ்சி இல்லாத வேட்டி, ஈரத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.