ரைபிளுக்குத் தைத்த தலையணை

1. இரண்டு பேப்பர்

நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே செகரட்டரி சாரின் சத்தம் கேட்டுவிட்டது. அவர் கையில் இரண்டு டார்கெட் பேப்பர். எதிரே காதர் பாய் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"காலையில சுட்டா எல்லாம் மேல. மதியம் சுட்டா எல்லாம் கீழ. ஒரே ரைபிள், ஒரே ஸ்கோப், ஒரே ஆள். என்ன பாய் இது? ஞாயித்துக்கெழமை மூணு கிளப்புலேர்ந்து வராங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா நான் வேற ஆர்மரரைத்தான் பாக்கணும்."

எண்ணூர் போகும் வழியில், மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் வளாகத்தில் இருக்கிறது அந்த ரைபிள் கிளப். ஐம்பது மீட்டர் ரேஞ்ச். ரைபிளைச் சிமெண்ட் மேசையில் மணல் பைமேல் வைத்து, ஸ்கோப் வழியாகக் குறி பார்த்துச் சுடுகிற போட்டிக்குப் பெஞ்ச் மேட்ச் என்று பெயர். காதர் பாய் அங்கே ஆர்மரர். துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, ஸ்கோப் பொருத்திக் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வேறு வேலை தெரியாது.

நான் கல்மண்டபத்தில் தார்ப்பாய் தைக்கிறவள். லாரிக்கும் விசைப்படகுக்கும் தைத்திருக்கிறேன். தையல் விட்டுப்போச்சு என்று என் வாசலுக்கு எவரும் திரும்பி வந்ததில்லை. ரேஞ்சில் இருந்த வெளிநாட்டுப் பைகள் கிழிந்தபோது, பாய்தான் அளவெடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

மேசைக்கு இரண்டு பை வேண்டும். முன்பை ரைபிளின் முன்கட்டையைத் தாங்கும். இரும்புக் குழலை அதன்மேல் வைக்கக் கூடாது. குழலில் எது பட்டாலும் குண்டு இடம் மாறிவிடும். பின்பை பின்கட்டைக்கு அடியில் இருக்கும். அதை இடது கையால் அமுக்கினால் கட்டை ஏறிக் குறி இறங்கும்; கையைத் தளர்த்தினால் குறி ஏறும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால் முன்பைக்குச் சிவப்பு நூல், பின்பைக்கு நீல நூல் என்று தைத்தேன். இன்றுவரை யாரும் மாற்றி வைத்ததில்லை.

வெயில் காலத்தில் ஆறு பை கொடுத்தேன். எங்கள் கடற்கரை மணலைச் சலித்து நானே நிரப்பியது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மார்கழி பிறந்த பிறகுதான் இந்தத் தகராறு. அன்று நான் கொண்டுபோனது அடுத்த ஆறு பை.

2. நெயில் பாலிஷ்

செகரட்டரி சார் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா பாய், கண்ணுக்குப் பவர் ஏறிகிச்சா? மூக்குக் கண்ணாடிய மாத்து. ஸ்கோப்ப ஏன் மாத்திகினு கீற?"

"நீ வேறக்கா. நானே பேஜாராய்க் கீறேன். இங்க வா, இத்தப் பாரு."

ரைபிள்மேல் ஸ்கோப்பை இரண்டு வளையம் பிடித்திருந்தது. வளையத்துக்கு நாலு ஸ்க்ரூ. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையம் வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"எம் பொண்ணு நெயில் பாலிஷு. ஸ்க்ரூ கொஞ்சம் நகந்தாலும் கோடு ஒடஞ்சிடும். ஒண்ணாச்சும் ஒடஞ்சி கீதா?"

எனக்குக் கண் இன்னும் நன்றாகவே தெரியும். எட்டுக் கோடும் முழுசாக இருந்தன.

பாய் வேறு ஸ்கோப் போட்டுப் பார்த்திருந்தார். அது சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்திருந்தார். லென்ஸைத் துடைத்தாயிற்று. பைபாட் என்கிற இரண்டு கால் ஸ்டாண்டையும் மாட்டிப் பார்த்தார். அது சிமெண்ட்மேல் தவளை மாதிரிக் குதித்தது. பைபாட் வைப்பதானால் அடியில் ரப்பர் பாய் போட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அப்ப கோளாறு எங்கதான் கீது?"

"அத்தத்தான் மூணு நாளாத் தேடிகினு கீறேன். அல்லாவுக்குத்தான் தெரியும்."

ரைபிளுக்கு அடியில் ஒரு பை இருப்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவர் என்னை நம்பினார். நானும் என்னை நம்பினேன்.

3. தையல் ஓரத்தில் வெள்ளை

மறுநாள் வெள்ளிக்கிழமை. பழைய பைகளில் நூல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். மேசையெல்லாம் பனி ஈரம். ஒரு முன்பையைத் தூக்கினேன். கனத்தது. அமுக்கினால் விரல் இறங்கவில்லை, வெல்லக்கட்டி மாதிரி இறுகியிருந்தது. தையல் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

படகுப் பாயிலும் இப்படித்தான் பூக்கும். நல்ல தண்ணீரில் அலசுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். நானே கடல் மணலை அள்ளிப் பைக்குள் போட்டிருக்கிறேன். உப்பு பனியை இழுக்கும். ஈரத்தில் மணல் கல்லாகும். கல்மேல் வைத்துச் சுட்டால் ரைபிள் எகிறும், குண்டு மேலே போகும். மதிய வெயிலில் மணல் உதிர்ந்து பை தொளதொளக்கும், குண்டு கீழே வரும். பாய் காலையில் ஸ்கோப்பின் குமிழைத் திருகிச் சரி செய்தது மதியத்துக்கு ஆகாமல் போனது இதனால்தான்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தையலைச் சரி செய்து தருகிறேன் என்று பன்னிரண்டு பையையும் எடுத்துப் போய், மணலை மாற்றிக் கொண்டுவந்து வைத்துவிடலாம். எவரும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குண்டு ஒழுங்காகப் போகும். என் பெயரும் கெடாது. ஆனால் காதர் பாய்க்குக் கை தடுமாறுகிறது என்கிற எண்ணம் செகரட்டரி சார் மனதில் அப்படியே தங்கிவிடும். அடுத்த தடவை ஒரு ஸ்க்ரூ கழன்றாலும் அவரை அனுப்பிவிடுவார்கள். முந்தின நாள் அவரைக் கேலி பேசியதும் நான்தான்.

கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதை ஊற்றிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"சார், பாய் மேல தப்பு இல்ல. ஸ்கோப்பு மேலயும் இல்ல. என் பைலதான் கீது."

"பையாம்மா சுடுது?"

"சுடல சார், எகிற உடுது. இத்தத் தொட்டுப் பாருங்க, கல்லு. மத்தியானம் வந்து தொட்டீங்கன்னா மாவு. உள்ள கடல் மண்ணு. நான் போட்டதுதான். நக்கிப் பாருங்க, உப்பு கரிக்கும்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்மா. நம்பறேன்." விரலால் மட்டும் அமுக்கிப் பார்த்தார். "சரி, ஞாயிறு காலையில பன்னண்டு பை வேணும். முடியுமா?"

"முடியும் சார்."

வெளியே வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் பாய் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இன்னாக்கா, இத்த மாத்தணுமா, வாணாமா?"

4. கடலை வண்டி

உப்பும் ஈரமும் இல்லாத மணலுக்கு எங்கே போவது? சாம்பல் போடு, எண்ணூர் அனல்மின் நிலையத்தில் இல்லாத சாம்பலா என்றார் ஒருவர். சாம்பல் தையல் ஓட்டை வழியாகக் கசிந்து லென்ஸெல்லாம் படியும். கல்லை உடைத்துச் செய்கிற எம் சாண்டுக்கு முனை கூர்மை, உள்ளிருந்தே துணியை அரித்துவிடும். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் கல்மண்டபம் முனையில் கடலை வண்டி நின்றது. இரும்புச் சட்டியில் மணலும் கடலையும் சலசலவென்று புரண்டன. எத்தனை வருடமாக அதைத் தாண்டிப் போகிறேன்!

"நைனா, இந்த மண்ணு எத்தினி நாளா கீது?"

"ரெண்டு வருசமா இத்தத்தான் வறுத்துகினு கீறேன். ஏன், வண்டி போடப் போறியா?"

"துப்பாக்கிக்கு வோணும்."

கரண்டி நின்றுவிட்டது. "யம்மா, நான் ஒண்ணும் பண்லியேம்மா!"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் தன் பழைய சட்டியையே கொடுத்தார். ஆற்று மணல் இரண்டு மூட்டை வாங்கி, குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். சனிக்கிழமை காலையிலிருந்து நானும் பாயும் வாசலில் அடுப்பு மூட்டி மாறி மாறி வறுத்தோம். மூன்று பேர் வந்து கடலை கேட்டார்கள்.

முன்பைக்குத்தான் அந்த மணல். கட்டை விரலால் அழுத்தினால் லேசாகத்தான் குழிய வேண்டும், அவ்வளவு இறுக்கம். பின்பைக்குப் பிளாஸ்டிக் குருணை போட்டேன், தானா என்பார்கள், குண்டுமணி மாதிரி இருக்குமே, அது. முக்கால் பைதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் கைக்கு அமுங்காது. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு பை, வெளியே ஒரு பை என்று இரட்டைத் துணி.

ஞாயிறு காலை பனி விலகுமுன் பாய் ஐந்து ரவுண்டு சுட்டார். மதியம் வெயிலில் அதே மேசையில் இன்னும் ஐந்து. ஸ்கோப்பில் கை வைக்கவில்லை. செகரட்டரி சார் இரண்டு பேப்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பத்து ஓட்டையும் ஒரே இடத்தில் இருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து வைத்தார். மூடிவிட்டது.

பாயிடம் அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பாய், அந்த மூணு கிளப்காரங்களும் அவங்க ஸ்கோப்பை உங்க கையாலயே மாட்டித் தரச் சொல்றாங்க. உங்களுக்கு டயம் இருக்குமா?" என்று கேட்டார். டயம் இருக்குமா என்று அவர் பாயைக் கேட்டதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

சாயங்காலம் பைகளை அடுக்கும்போது, பாய் பாலிஷ் புட்டியைத் திறந்து ஒவ்வொரு பையின் வாய்த் தையல்மேலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

"இது இன்னாத்துக்கு பாய்?"

"எவனாச்சும் பிரிச்சி உள்ள கடல் மண்ணப் போட்டா தெரியணும்ல?"

"எவன் போடுவான்?"

"எனுக்கு ஒரு அக்கா கீறா. அவ போடுவா."

இப்போது நாலு கிளப்புக்குப் பை தைக்கிறேன். வாயைத் தைத்து முடித்ததும் கோட்டை நானே போட்டுவிடுகிறேன். பாலிஷும் என் சொந்தம். குறி தப்புகிறது என்று எங்கிருந்து போன் வந்தாலும் கிளம்பிப் போவேன். முதலில் என் கோட்டைப் பார்ப்பேன். ஸ்க்ரூமேல் பாய் போட்ட கோடு அதற்கு அப்புறம்தான்.