சிந்தட்டும் என்றார் அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இன்று வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அப்பா. நல்ல வார்த்தையாகத் தேடித் தேடி எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பழநி பக்கம் நெய்க்காரப்பட்டியில், விவசாயக் குடும்பத்தில். கிணறு வற்றிக் கிடந்த வருடங்களிலும் படிப்பை விடாமல் ஆசிரியர் பயிற்சி முடித்தார். வேடசந்தூரில் நூல் மில் வேலையில் இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கேயே தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆனார். பட்டப் படிப்பையும் தபாலிலேயே முடித்தார். அவருடைய ‘ஏனுங்க’வைக் கேட்டு அப்பா வீட்டார் வெகுநாள் கேலி செய்தார்களாம். அதற்காக அம்மா பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட “எழுதிட்டீங்களா?” என்றுதான் கேட்பார்.

எனக்குப் பின் தம்பி பிறந்தான். பிறந்தவுடன் அழவில்லை. வளர வளர நடை வரவில்லை, பேச்சு குழறியது, கை ஓரிடத்தில் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போகாத வைத்தியரில்லை, வேண்டாத சாமியில்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான் இது மூளை முடக்குவாதம் என்றார். பையனின் புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். அந்த இரண்டாவது சேதியை எங்கள் சொந்தத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்று வேளையும் தம்பிக்கு அம்மாதான் ஊட்டுவார். மதிய மணி அடித்ததும் பள்ளியிலிருந்து வேகுவேகென்று வந்து ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவார். நம் வீடுகளில் பாசம் என்றாலே ஊட்டிவிடுவதுதானே. கல்யாண வீட்டில் மீசை வைத்த பிள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டாமல் நம் பெண்கள் விடமாட்டார்கள். அதனால் தம்பிக்கு மீசை அரும்பியும் ஊட்டுவது நிற்கவில்லை. அதில் ஒரு பிசகு இருப்பதாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒருமுறை அம்மா டைஃபாய்டு வந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இங்கே தம்பி யார் ஊட்டியும் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவனை ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனோம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், எழுந்து உட்கார்ந்து மறு கையால் ஊட்டினார் அம்மா. ஊட்டி முடித்ததும் அப்பாவைப் பார்த்து, “ஏனுங்க, நான் போய்ட்டா இவன் பட்டினி கெடந்தே செத்துருவானுங்களா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அம்மா அஞ்சல்வழியில் முதுநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். ஊனமுற்றோருக்குத் துணை செய்வது பற்றிய படிப்பு. மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. பாடங்கள் தபாலில் பொட்டலமாக வரும். அடுப்பில் உலை கொதிக்கும்போது நின்றுகொண்டே படிப்பார். சில சனி ஞாயிறுகளில் தொடர்பு வகுப்புக்காக மதுரைக்குப் பஸ் ஏறுவார். பிள்ளைகள் படிக்கிற வயதில் உனக்கென்ன படிப்பு, பிரமோஷனுக்கா என்று கேட்டவர்கள் இந்த மலரையும் படிப்பார்கள். ஆமாங்க என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார் அம்மா. எதற்கென்று அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

இரண்டாம் வருடத்தில், ஒருவருக்கு ஓர் அன்றாட வேலையைத் தானே செய்யப் பழக்கி அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் அதற்கு ஆள் தேடி அலைந்தார்கள். அம்மா மதுரையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “நாளையிலிருந்து இவனுக்கு யாரும் ஊட்டக் கூடாதுங்க” என்றார்.

சாதாரணக் கரண்டி தம்பியின் பிடியில் நிற்காது. அப்பா மில்லிலிருந்து, நூல் சுற்றும் பிளாஸ்டிக் கோன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதற்குள் கழிவுப் பஞ்சைத் திணித்து, கரண்டிக் காம்பைச் செருகி இறுகக் கட்டினார். தட்டு நகராமலிருக்க அம்மா அடியில் ஈரத்துணி விரித்தார். பிறகு தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

சோறு தரையெல்லாம் போனது, வாய்க்குப் போகவில்லை. தம்பி கரண்டியை வீசினான், அழுதான். அழுகை கேட்டு அடுத்த வீட்டிலிருந்த, அப்பாவின் அண்ணியான பெரியம்மா வந்துவிட்டார்.

“ஏத்தா, நீயெல்லாம் பெத்தவளா? புள்ளயப் பட்டினி போட்டு அப்படி என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு? செத்த நேரம் ஒக்காந்து ஊட்டிவிட்டா கொறஞ்சா போயிருவ?”

“சிந்தட்டுங்க அக்கா. சிந்துனா பெருக்கிக்கலாம்” என்றார் அம்மா.

பெரியம்மா வெகுநாள் எங்களோடு பேசவில்லை. பக்கத்தில் எல்லோரும் அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவன் பசியோடு எழுந்த வேளைகளில் அம்மாவும் சாப்பிடவில்லை என்பதும், சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருநாள் மத்தியானம் ஒரு கரண்டி தயிர்ச்சோற்றில் பாதி அவன் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. மீதி சட்டையில். அம்மா கையை முந்தானையிலிருந்து எடுக்கவேயில்லை. மென்று விழுங்கிவிட்டுத் தம்பி, “இன்னும்” என்றான்.

அம்மா தேர்ச்சி பெற்றார். அதன்பின் விடுமுறை நாளெல்லாம், இப்படிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய்வந்தார். அப்படிப் போய்வந்துகொண்டிருந்தவரைத்தான் புற்றுநோய் பிடித்தது. படுக்கையில் விழுந்த பிறகு, வலிக்கிறதா என்று நாங்கள் கேட்டால், “அவன் சாப்ட்டானுங்களா?” என்று திருப்பிக் கேட்பார். “சாப்ட்டேன்” என்று தம்பியே பதில் சொல்வான். கடைசி நாளும் கேட்டார், அவனும் சொன்னான். அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. வாய்க்கரிசி போடும் நேரம், “பையன் கையப் புடிச்சு யாராச்சும் போட வைங்கப்பா” என்றார் காரியம் செய்ய வந்தவர். நான் போய்த் தம்பியின் கையைப் பிடித்தேன். அவன் உதறிக்கொண்டு, “கரண்டி” என்றான். வாய்க்கரிசியைக் கரண்டியிலா போடுவது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

உள்ளே போய் அந்தக் கோன் கரண்டியை எடுத்துவந்தவர் பெரியம்மா. “வெலகுங்கப்பா, அவனே போடுவான்” என்றார். கரண்டியில் அரிசியை அள்ளி, ஆடிய கையை நெஞ்சோடு ஒட்டி நிறுத்தி, தனக்கு ஊட்டியவரின் வாயில் தம்பி தானே போட்டான். கொஞ்சம்தான் உள்ளே விழுந்தது. மீதி அம்மாவின் தாடையிலும் கழுத்திலும் சிதறியது. துடைக்கக் குனிந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கட்டும் ஆத்தா, சிந்தட்டும்” என்று சொல்லி அழுதார். அன்று எங்கள் வீட்டில் அழாதவர் யாருமில்லை.

அம்மாவின் சிகிச்சைக்கு அலைந்தபோது வண்டி கொடுத்தும் ரத்தம் கொடுத்தும் நின்ற மில் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிகளுக்கும், மதுரையில் அம்மாவுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களுக்கும், இன்று வரை எங்களுக்குத் துணையாக நிற்கும் பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி ஒரு வேண்டுகோள் மட்டும். இன்று மதியப் பந்தியில் தம்பியும் உங்களோடு உட்காருவான். பாவம் என்று நினைத்து யாரும் அவனுக்கு ஊட்டப் போக வேண்டாம். அவன் சாப்பிட்டு முடிக்க நேரமாகும். அதுவரை நீங்களும் இலையை மடக்காமல் உட்கார்ந்திருங்கள். சோறு சிந்தும். பெருக்கிக்கொள்ள நானிருக்கிறேன்.