இன்னொரு சீட்டு

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது, சீட்டுதான். பாத்திரம் கழுவுவது யார், ஜன்னலோரம் படுப்பது யார், எல்லாவற்றுக்கும் அப்பாவும் அம்மாவும் ஒரு கை போடுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. வேண்டுமானால் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே போகலாம். கூட்டல் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் யாருக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார். இருபத்தொன்றைத் தாண்டினால் வெடித்துவிட்டது என்று அர்த்தம், அதோடு ஆட்டம் தோற்றது. வெடித்தவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை, கவிழ்த்துச் சீட்டுக்கட்டுக்குள் செருகிவிடலாம். அது அம்மா போட்ட சட்டம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய்விட்டு வந்தும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடும். கையில் பத்தொன்பது இருந்தாலும் "இன்னொண்ணு போடு" என்பார். அதனால் பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் அவர்தான். அம்மா தையல்காரி, அளந்து வெட்டுகிறவள். பதினேழு வந்தாலே "எனக்குப் போதும்" என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் வீடு மாற்றும் ஆட்டத்தில் மட்டும் அப்பா எப்படியோ ஜெயித்துவிடுவார். வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று யாராவது காதில் போட்டால் போதும், சீட்டுக்கட்டு மேசைக்கு வந்துவிடும். அம்மா புது ஊரில் வாடிக்கை பிடித்து, தையல் மெஷினுக்கு வெளிச்சமான மூலை கண்டுபிடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த லாரி வாசலில் நிற்கும். இந்த மனுஷனிடம் போய் மாட்டிக்கொண்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை எனக்குப் பள்ளியில் கடைசி வருடம். நடுவில் பள்ளி மாறினால் பரீட்சை அம்போ. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழக்கமாகப் பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறவள், அன்று அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அம்மா கையில் ராஜாவும் ராணியும். தலைக்குப் பத்து. இருபது! கத்திவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டு விஷயம்னா நான்தான் முதல்ல," என்ற அம்மா விரலால் மேசையைத் தட்டினாள். "இன்னொண்ணு."

ஏழு வந்தது. மூன்றையும் கவிழ்த்துக் கட்டில் செருகினாள். "வெடிச்சிடுச்சுங்க. இனி உங்க இஷ்டம்."

அப்பா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் லாரிக்காரரைத் தேடிப் போனார்.

"இருபதை வெச்சுக்கிட்டு ஏம்மா கேட்டே?" என்றேன்.

"பாத்துட்டியா?" அம்மா சிரிக்கப் பார்த்தாள். "ஒரே சுவரைப் பாத்துப் பாத்துத் தைச்சா எனக்கு மூச்சு முட்டுதுடி. புது ஊருன்னா உங்கப்பாவைவிட எனக்குத்தான் ஆசை."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"அவருக்குக் கால்ல சக்கரம்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எனக்குன்னா சும்மா இருப்பாங்களா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடமும் மனசுக்குள் அப்பாவையல்லவா கரித்துக் கொட்டினேன்! "அப்ப என் பரீட்சை?"

அம்மா கட்டைக் கலைத்து எனக்கு இரண்டு, தனக்கு இரண்டு போட்டாள். "நீ ஜெயிச்சா பரீட்சை முடியறவரை இங்கதான். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

எனக்குப் பதினாறு. மேசைக்கடியில் என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று கேட்கச் சொல்லி நாக்கு துறுதுறுத்தது.

"எனக்குப் போதும்," என்றேன்.

அம்மா தன் சீட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெஷினுக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். எதையும் காட்டாமல் மூன்றையும் கவிழ்த்துக் கட்டில் செருகினாள்.

"வெடிச்சிடுச்சு," என்றாள். "போ, போய்ப் படி."