என் பிரவுசிங் சென்டரும் வந்துபோன வைரஸ்களும்

செத்த பக்கத்துல வந்து உக்காருங்க. கம்ப்யூட்டர் கடைக்கு முதலாளி நாம இல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன். அவன் திறன்னா திறக்கணும், மூடுன்னா மூடணும். கடை வச்சு நொந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

நான் படிச்சது எட்டாங்கிளாஸ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரரோட ரூம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. லாரி டயர் வியாபாரி அவரு. "கடை என்னைக்குப் படுத்துச்சோ, அன்னைக்கே டயரை அடுக்கிருவேன்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பொட்டிக்கு வைத்தியம் பார்க்க மதுரையில் ஆறு மாச கோர்ஸ் படிச்ச அறிவாளி ஒருத்தன் வீட்டுக்குள்ளேயே இருந்தான், அவரோட தம்பி, என் கொழுந்தன் சேவியர். அப்புறம் எனக்கென்ன பயம்?

சட்டைப்பை டாக்டர்

அது பிளாப்பி காலம். வைரஸை ஒழிக்கிற பிளாப்பி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேவியர் வீடு வீடாகப் போவான். பிளாப்பி மூலையில் சின்னதா ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதைச் சரியாத் தள்ளி வச்சா அதுக்குள்ள எதுவும் ஏறாது. தள்ளி வைக்கிறதெல்லாம் பயந்தவன் வேலை என்பது சேவியர் கட்சி.

ஆக, முதல் வீட்டு வைரஸ் பிளாப்பியில் ஏறி ரெண்டாம் வீட்டுக்குப் போகும். அங்கே இருக்கிறதையும் கூட்டிக்கொண்டு மூணாம் வீட்டுக்குப் போகும். பஸ் சார்ஜ்கூட இல்லாமல் ஊரைச் சுற்றிப் பார்த்த வைரஸ் எங்க ஊர் வைரஸ்தான். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மா ஒருத்தர் கடைசியில் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "தம்பி, நீ வைத்தியம் பாக்க வர்ற வரைக்கும் எங்க பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நாளு வராம இருந்து பாக்குறியா?"

ராகு காலம் முடிந்தது

செர்னோபில்னு ஒரு வைரஸ், ஏப்ரல் இருபத்தாறு வரைக்கும் பொட்டிக்குள்ள கம்முன்னு படுத்துக் கிடக்கும். அன்னைக்கு எழுந்திருச்சு, உள்ளே இருக்கிறதைத் துடைக்கிறதோட விடாது. சில பொட்டி அதுக்கப்புறம் கண்ணே முழிக்காது. வடமதுரையில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிற ஜோசியர் ஒருத்தர் எங்க வாடிக்கை. தொண்ணூத்தி ஒம்பதில் அந்தத் தேதி திங்கக்கிழமை. மனுசன் கவனமா ஒன்பது மணி வரை காத்திருந்து, ராகு காலம் முடிந்தபின் சுவிட்சைப் போட்டார். அம்புட்டுதான்.

பொருத்தம் பார்க்க வந்த ரெண்டு வீட்டுச் சனமும் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருக்கு. சேவியர் போய் மூணு தடவை பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். அதுக்குத்தானே மதுரையில் போய்ப் படிச்சது. "ஊருக்கெல்லாம் நாள் சொல்றீங்க, இதுக்குச் சொல்லக் கூடாதா சாமி?" என்று மாப்பிள்ளைக்கு மாமன் கேட்டதுக்கு ஜோசியர் அசரவே இல்லை. "இது எந்த ஊர்ல பொறந்துச்சு, எந்நேரம் பொறந்துச்சுன்னு எவனாச்சும் சொன்னானா, நான் கணிக்கிறதுக்கு?"

சகலை எழுதிய காதல் கடிதம்

அடுத்த வருசம் 'ஐ லவ் யூ' என்று தலைப்புப் போட்டு ஒரு மெயில் உலகத்தையே சுற்றியது. திறந்தால் போச்சு. போட்டோவையெல்லாம் தின்னுபுட்டு, நமக்குத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் நம்ம பேரிலேயே அதே கடிதத்தை அனுப்பிரும்.

வெளிநாட்டுக்கு மல்லிகைப்பூ ஏற்றுகிற வியாபாரி ஒருத்தரிடம் அதைத் திறக்கவே கூடாதுன்னு சேவியரை விட்டுச் சொல்லியிருந்தேன். அவருக்கு வந்ததோ கோயம்புத்தூர் சகலையிடமிருந்து. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போச்சு என்று மூணு வருசமா முகம் கொடுத்துப் பேசாத சகலை. இவர் கண் கலங்கித் திறந்துவிட்டார். இவர் பேரில் அது திரும்பக் கோயம்புத்தூருக்கே போக, அந்த மனுசனும் கலங்கி ராத்திரியே போன் போட்டுவிட்டார்.

பொட்டி காலியாகிருச்சு, எங்க கடை பேர் கெடப்போகுதுன்னு நான் பதறி ஓடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே காப்பி சொல்கிறார். "போட்டோ போனாப் போகுதும்மா, ஆளே ஞாயித்துக்கிழமை நேர்ல வாரான்."

அறுபது நொடி

பிளாஸ்டர் வைரஸ் வந்தப்போ பிரவுசிங் சூடு பிடிச்ச நேரம். திரையில் ஒரு கட்டம் வரும், அறுபதிலிருந்து பின்னாடி எண்ணும், முடிஞ்சதும் பொட்டி அணையும். பாதி அப்ளிகேசன் போட்ட பிள்ளைகள் எழுந்து எதிர்த்த கடைக்குப் போனால் எனக்கு டயர் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும்.

"மதினி, இருங்க" என்று சேவியர் கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் பின்னாடி தள்ளி வைத்தான். நிசமாவே எண்ணுறது அப்படியே நின்றுபோச்சு. நானும் ஒரு நிமிசம் அவனை நம்பிட்டேன். ஆனா எங்க பில் போடுறதும் அதே கடிகாரம்தானே. அஞ்சு மணிக்கு வந்த கீரனூர்ப் பையன் எந்திரிச்சுப் போகும்போது மணி நாலு. திரையைக் காட்டி மரியாதையாத்தான் கேட்டான். "ஏனுங்க அக்கா, நான் இன்னும் வரவே இல்லைனு காட்டுதுங்க, காசு யாருக்குங்க?"

ஓட்டையை அடை

கடைசியாப் பென் டிரைவ். ஸ்டுடியோக்காரன் ஒருத்தன் சொருகினால் போதும், கடை பூரா சீக்கு. ஒரே மாசத்தில் மூணு தடவை கடை படுத்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று ரூமை ஒரு முழக்கயிற்றால் அளக்க ஆரம்பித்தார். சேவியருக்கு ரோசம் வந்துவிட்டது. "மதினி, வர்ற வழியை அடைச்சுட்டா எப்படி வருவான்?" என்றான். நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், தண்ணித்தொட்டி ஒழுகினால் அடைக்கிற பசையை வாங்கிவந்து, அஞ்சு பொட்டியிலும் பென் டிரைவ் சொருகுகிற ஓட்டை அம்புட்டையும் முன்னாடி பின்னாடி பார்க்காமல் பூசி அடைத்துவிட்டான். பாதையை மறிக்குதுன்னு அங்கே சொருகியிருந்த மவுசையும் கீபோர்டையும் உருவி ஓரமா அடுக்கியும் வைத்திருந்தான்.

சாயங்காலம் பரீட்சை ரிசல்ட் பார்க்கக் கன்னிவாடியிலிருந்து வந்த பிள்ளை, கல்லா இறுகிக் கிடந்த பசையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "வைரஸ் வராதுங்கிறது சரிக்கா, நான் எதை வச்சு அமுக்குறது?"

பத்து வருசமா உலகத்து வைரஸெல்லாம் முட்டிப் பார்த்தும் மூட முடியாத கடையை, என் கொழுந்தன் ஒரு மத்தியானத்தில் தனியாளா மூடிக் காட்டினான்.