யானைக்குப் பதிலாக ஒட்டகம்

ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்தபோது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தால் தூங்கிப்போனார்கள். அதனால் மிருகப் பாட்டுகளை நானே கட்டினேன்.

யானை வருது பாரு – அது
ஆடி வருது பாரு
வாழைத் தோட்டம் எங்கே? – அதன்
வயிற்றுக்குள்ளே பாரு!

பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். அதிலும் முதல் வரியை. அந்தக் காலத்தில் நிஜ யானையே காட்டிலிருந்து வந்து ரப்பர்க் கன்றுகளை மிதித்துவிட்டுப் போகும். பாட்டைக் கேட்டு, வெளியே பால் நிறுக்க நின்றவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாலெல்லாம் வாய்க்காலில் போனது. தோட்டத்துத் துரை மேசைமேல் ஏறி நின்று துப்பாக்கி கேட்டார்.

சாயங்காலம் தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வந்தார்.

"வாத்தியார், பாட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை. இந்த நாட்டில இல்லாத மிருகமாப் பாத்துப் பாடட்டாம். துரையின்ர உத்தரவு."

"சிங்கம்?"

"சிங்கம் எண்டாலும் ஓடுவினம்."

யோசித்து ஒட்டகத்தைப் பிடித்தேன். சாதுவான பிராணி. மறுநாள் பிள்ளைகள் "ஒட்டகம் வருது பாரு" என்று தொடங்கியதும் வெளியே வாளிகள் உருண்டன. பிறகு முன்னைவிட வேகமாக ஓட்டம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் சேர்ந்து ஓடினார். பிறகு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"யானைன்னா ஆத்துப்பக்கம் ஓடணும். புலின்னா லயத்துல புகுந்து கதவச் சாத்தணும். இந்த ஒட்டகத்துக்கு என்னா செய்யணும் வாத்தியாரே? கடிக்குமா, முட்டுமா?"

"ஒண்ணும் செய்யாது. அது இங்கே கிடையவே கிடையாது."

"கிடையாதுன்னா, வருதுன்னு ஏன் பாடுறாங்க?"

நான் கிராணியைத் தேடிப் போனேன். கிராணி துரையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். பாட்டில் மிருகம் எதுவும் வரக்கூடாது, போகலாம் என்று முடிவாயிற்று.

"ஒட்டகம் போகுது பாரு" என்று பாடிய அன்று யாரும் ஓடவில்லை. ஆனால் பால் நிறுத்துவிட்டு நாலைந்து பெண்கள் சாய்ப்பு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"போறதுக்குள்ள ஒரு தடவ காட்டுங்களேன்."

கரும்பலகையில் வரைந்தேன். நானும் ஒட்டகத்தைக் கண்டவனில்லை. மாட்டைப் போட்டு முதுகில் ஒரு மேடு வைத்தேன். ஒருத்தி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"பாவம், எப்படி வீங்கிக் கெடக்கு! யாரும் மருந்து போடலியா?"

மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது. நான் மேட்டை மட்டும் அழித்தேன். ஒட்டகம் குணமாகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.